மொரிசியஸ்–பாரிஸ் நேர வித்தியாசம் இரண்டு மூன்று மணிதானே, பிறகு ஏன் விமானிகள் இப்படிக் களைத்துப் போகிறார்கள்?

ஜெட் லேக் (நேர மண்டலம் மாறுவதால் வரும் அசதி) வேறு, இரவில் விழித்திருப்பது வேறு. மொரிசியஸின் பிளெசான்ஸ் விமான நிலையத்திலிருந்து பாரிஸ் போனால் கடிகாரம் ஐரோப்பியக் கோடையில் 2 மணி, குளிர்காலத்தில் 3 மணி பின்னால் போகும். உடம்பு அதைச் சமாளித்துவிடும். ஆளைச் சாய்ப்பது அந்த ராத்திரிதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை 7 மணிக்கு எழுந்தவர் இரவு 8:30க்கு டியூட்டியில் சேர்ந்து 10 மணிக்குப் புறப்படுகிறார். பதினொன்றே முக்கால் மணி நேரம் பறந்து இறங்கும்போது மொரிசியஸில் காலை 9:45. இடையில் கண்ணை மூடவே இல்லையென்றால் 26 மணி 45 நிமிடம் விழித்திருக்கிறார். 17 மணி நேரம் தூங்காதவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பவருடையதை ஒத்திருக்கும் என்று 1997இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. அதனால்தான் இந்தத் தடத்தில் மூன்றாவது விமானி. ஐரோப்பிய விதிப்படி, மாலை 5 முதல் விடியற்காலை 5 வரை தொடங்கும் டியூட்டிக்கு இருவர் மட்டும் என்றால் உச்சவரம்பு 11 மணி நேரம். காலையில் தொடங்கினால் அதுவே 13. கூடுதலாக ஒருவரும், விமானத்துக்குள் முறையான படுக்கையும் இருந்தால் 16 வரை போகலாம்.

படுக்கை இருந்தால் போதாது, மூவரும் முறை வைத்து ஓய்வெடுக்கும்போது யாருக்கு எந்த நேரம் கிடைக்கிறது என்பதுதான் விஷயம். முதல் முறை ஓய்வுக்குப் போகிறவருக்கு இரவு 11 மணிக்குத் தூக்கம் வராது. புரண்டு படுத்தே நேரம் போய்விடும். நடு முறைதான் உத்தமம். உடல் வெப்பம் அடிமட்டத்துக்கு இறங்கும் 2 மணி முதல் 6 மணிக்குள் அது விழும். தரையிறக்கப் போகிறவருக்கு அதைக் கொடுப்பதே புத்திசாலித்தனம். கடைசி முறையில் தூங்கியவர் எழுந்த சூட்டோடு இறங்கும் ஆயத்தத்தில் உட்கார்ந்தால் தூக்கக் கலக்கம் விடாது. 2010 மே மாதம் மங்களூரில் 158 பேரைப் பலிகொண்ட விமான விபத்தை எல்லோரும் ஓடுபாதையோடு சேர்த்தே நினைக்கிறார்கள். ஆனால் அந்தக் கேப்டன் வழியில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தூங்கியிருந்தார். அந்தக் கலக்கத்தையும் விசாரணை ஒரு காரணமாகச் சுட்டியது. நிறுவனம் அனுமதிக்கும் இடங்களில், ஒருவர் விழித்திருக்க மற்றவர் இருக்கையிலேயே குட்டித் தூக்கம் போடும் முறை உண்டு. நாசா செய்த சோதனையில் 40 நிமிட இடைவெளியில் விமானிகள் சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள். அதற்கு மேல் நீட்டினால் ஆழ்ந்த தூக்கத்தில் விழுந்துவிடுவார்கள். எழுந்ததும் 20 நிமிடம் எந்தப் பொறுப்பையும் கையில் எடுக்கக் கூடாது.

களைப்பு கொட்டாவியோடு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். கட்டுப்பாட்டுக் கோபுரம் சொன்ன உயரத்தைத் தவறாகத் திருப்பிச் சொல்வது, செக்லிஸ்டில் ஒரு வரியைத் தாண்டிப் போவது, ஒரே கருவியை வெறித்துப் பார்ப்பது, இவைதான் முதலில் வரும். சில விநாடி கண் சொக்குவது அவருக்கே தெரியாது. தான் எவ்வளவு களைத்திருக்கிறோம் என்பதைக் கணிக்கத் தெரியாமல் போவதுதான் களைப்பின் பெரிய கெடுதல்.

ஓர் ஆறுதல், ஆஸ்திரேலியாவின் பெர்த் பாரிஸைவிடக் குறுகிய பயணம். ஆனால் அங்கே இரவு 10 மணிக்குப் படுத்தால் உடம்புக்கு மாலை 6 மணி. தூக்கம் அண்டவே அண்டாது. மொரிசியஸின் ரொட்ரிக்ஸ் தீவுக்குப் பறக்கும் காலை ஷிஃப்டிலும் இதே சிக்கல்: 3:30க்கு எழ வேண்டுமே என்று 7:30க்கே படுத்தால் விட்டத்தைத்தான் பார்க்கலாம். வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம் உடம்பு மிக விழிப்பாக இருக்கும். நான்கு நாள் தொடர்ந்தால் ஒரு முழு இரவுத் தூக்கமே கடனாகிவிடும்.

செய்ய வேண்டியது: இரவுப் பயணத்தன்று மதியம் 2 மணிக்கு மேல் ஒன்றரை மணி நேரம் தூங்குங்கள், உடம்பே அப்போது சற்றுத் தளரும். ஜன்னலை நன்றாக மூடி அறையை இருட்டாக்குங்கள். வீட்டாரிடம் முன்பே சொல்லி வையுங்கள், காவடி வாரத்தில் கோவில் ஒலிபெருக்கி உங்கள் ரோஸ்டரை (பணி அட்டவணையை) கேட்டுக்கொண்டா பாடும்? காபியில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் இரத்தத்தில் இருக்கும், ஆகவே இறங்குவதற்கு முந்தைய சில மணி நேரம் வேண்டாம். பாரிஸ் ஹோட்டலில் காலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்கினால் அன்றிரவுத் தூக்கம் போச்சு. சளி மருந்துகளில் பல தூக்கம் வரவழைப்பவை. விமான மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். திரும்பி வந்ததும் காரை எடுத்து காத்ர் போர்ன் நகருக்கு நெடுஞ்சாலையில் விரைவதற்கு முன், விமான நிலையத்திலேயே இருக்கையைச் சாய்த்து 20 நிமிடம் தூங்குங்கள், இல்லையேல் யாரையாவது வந்து அழைத்துப் போகச் சொல்லுங்கள்.