கனடாவிலிருந்து ரிவேர்ப் கருவி எடுப்பிக்கலாமா?

கேள்வி: கோண்டாவிலில் வீட்டு அறையொன்றில் பக்திப் பாடல்களை ஒலிப்பதிவு செய்கிறேன். மடிகணினி, ரீப்பர் மென்பொருள், இரண்டு உள்ளீடும் இரண்டு வெளியீடும் உள்ள ஓடியோ இன்ரர்பேஸ், ஒரு கொண்டென்சர் மைக் ஆகியன என்னிடம் உள்ளன. மென்பொருள் ரிவேர்ப் (பதிவுக்குச் சேர்க்கும் எதிரொலி) போட்டால் குரல் செயற்கையாகக் கேட்கிறது. நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வரும் மாமா, பாவித்த ரக் (அடுக்குச் சட்டகத்தில் பொருத்தும்) ரிவேர்ப் கருவியொன்றை வாங்கி வரலாம் என்கிறார். எடுப்பிப்பது நல்லதா?

பதில்: உங்களிடம் இப்போது உள்ள வசதிக்கு அந்தக் கருவி தேவையில்லை. நீங்கள் சொல்லும் குறையையும் அது தீர்க்காது.

1957இல் ஜேர்மனியின் இஎம்ரி நிறுவனம் வெளியிட்ட பிளேற் ரிவேர்ப், சட்டகத்தில் தொங்கவிடப்பட்ட பெரிய உருக்குத் தகட்டை அதிரவைத்தே எதிரொலியை உண்டாக்கியது. அதன் நிறை ஏறத்தாழ 270 கிலோ. அதை வன்பொருள் என்று சொல்வதில் முழுப் பொருள் உண்டு. ஆனால் 1976இல் அதே நிறுவனத்தின் டிஜிற்றல் ரிவேர்பும், 1978இல் லெக்சிகன் 224உம் வந்த பிறகு, பெட்டிக்குள் நடப்பது பெரும்பாலும் கணக்கீடுதான். மாமா வாங்கக்கூடிய ரக் கருவியிலும் ஒரு சில்லு அதே வகைக் கணக்கைச் செய்கிறது. உங்கள் மடிகணினி அதைத் தாராளமாகச் செய்யும்.

இணைப்பிலும் சிக்கல் உண்டு. உங்கள் இன்ரர்பேஸின் இரண்டு வெளியீடுகளும் ஸ்பீக்கர்களுக்குப் போய்விடுவதால், குரலைக் கருவிக்கு அனுப்ப மேலதிக வெளியீடு வேண்டும். அங்கிருந்து திரும்பும் ஒலியோ மைக்குக்கு உரிய உள்ளீடுகளைப் பிடித்துக்கொள்ளும். ஒரு கருவியால் ஒரே வேளையில் குரலுக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு இன்னொன்று என்று வெவ்வேறு ரிவேர்ப் கொடுப்பது பெரும்பாலும் இயலாது. ஒவ்வொன்றையும் பாட்டின் முழு நேரமும் ஓடவிட்டுத் தனித்தனியே பதிய வேண்டியிருக்கும்.

இனிச் செயற்கைத்தன்மைக்கு வருவோம். இதன் வேர் பெரும்பாலும் அறையில் இருக்கிறது. சீமெந்துத் தரையும் பூசிய சுவர்களும் உள்ள எங்கள் வீட்டு அறைகளில் ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். தட்டலுக்குப் பின்னால் ‘டிர்ர்’ என்று ஓர் அதிர்வு ஓடினால், அது ஒவ்வொரு பதிவிலும் ஏறியிருக்கிறது என்று பொருள். சிறிய அறையின் அந்த எதிரொலிக்கு மேல் பெரிய மண்டபத்தின் எதிரொலியை ஏற்றினால் காது இரண்டையும் நம்பாது. மைக் முன்பக்கத்தையே கூடுதலாக வாங்கும் கார்டியோயிட் வகையாயின் அது பாடுபவரையும் அவருக்குப் பின்னால் உள்ள சுவரையும் நோக்கியிருக்கும். ஆகவே தடித்த போர்வைகளையோ மெத்தையையோ பாடுபவரின் முதுகுப் பக்கத்தில் நிறுத்துங்கள். மைக்குக்குப் பின்னால் மட்டும் தொங்கவிடுவதால் பயன் குறைவு.

அடுத்து, ரிவேர்பைக் குரல் ட்ராக்கின் மேலேயே போடாமல், தனி ட்ராக்கில் நூறு வீதம் ‘ஈரமாக’, அதாவது மூலக்குரல் கலக்காமல் எதிரொலி மட்டும் வரும்படி வைத்து, குரலை அதற்கு அனுப்புங்கள். குரலுக்கும் எதிரொலியின் தொடக்கத்துக்கும் இடையிலான நேரமாகிய பிரீடிலேயை 20 முதல் 40 மில்லிசெக்கன் வரை வையுங்கள். அந்த இடைவெளிக்குள் வல்லின ஒலிகள் தெளிவாக வெளிவந்துவிடும். தேவாரம் பாடும்போது சொல் விளங்காமற் போனால் பாடியதன் பயனே கெட்டுவிடும் என்பதால், இந்த ஓர் அளவில் மிகக் கவனமாக இருங்கள். ரிவேர்ப் ட்ராக்கில் 500–600 ஹேர்ட்ஸுக்குக் கீழும் 10,000 ஹேர்ட்ஸுக்கு மேலும் வெட்டிவிட்டால் இரைச்சலும் மூட்டமும் அடங்கும். எதிரொலி அடங்கும் நேரம் குரலுக்கு 1.5 முதல் 2 செக்கன் வரை போதும். மிருதங்கத்துக்கு ஒரு செக்கனுக்குள் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் விரைவு நடையில் சொற்கட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

இதற்கு டிராகன்பிளை ரிவேர்ப் என்ற இலவச மென்பொருள் போதும். ஆனால் நான் உங்களுக்கு மிகவும் விரும்பிச் சொல்வது வேறொன்று. ரீப்பருடனேயே வரும் ரியாவேர்ப், ஓர் உண்மையான இடத்தின் எதிரொலிப் பதிவை ஏற்றிக் குரலை அந்த இடத்தில் ஒலிக்கச் செய்யும். உங்கள் ஊர்க் கோவிலின் கல்மண்டபத்தையே அப்படி வீட்டுக்குக் கொண்டுவரலாம். கோவில் நிர்வாகத்திடம் அனுமதி பெற்று, பூசை இல்லாத அமைதியான வேளையில் மின்விசிறிகளை நிறுத்திவிட்டு, பாடுபவர் நிற்கும் இடத்தில் ஒரு பலூனை உடையுங்கள். நாலைந்து மீற்றர் தள்ளி வைத்த மைக், ஒலி முற்றாக அடங்கும் வரை பதியட்டும். உடையும் சத்தம் மிகப் பெரிது என்பதால் பதிவு அளவை நன்றாகக் குறைத்து வையுங்கள். சில தடவை செய்து, பிசிறில்லாத ஒன்றைத் தெரிந்து, தொடக்கத்திலுள்ள வெற்று நேரத்தை வெட்டிவிட்டு வேவ் கோப்பாக ஏற்றுங்கள். பலூனுக்குப் பலூன் தாழ்ந்த ஒலிகளின் அளவு வேறுபடும். அதை ரிவேர்ப் ட்ராக்கில் மேற்சொன்ன ஹேர்ட்ஸ் வெட்டுதலே பெரிதும் சமாளித்துவிடும்.

கருவி பயன்படும் இடம் மேடை. திருவிழாக் கச்சேரியின் நடுவே மடிகணினி நின்றுபோகக்கூடும் என்ற அச்சம் அதில் இல்லை. அதற்காக வாங்குவதாயின், வாங்குமுன் கருவியின் பின்பக்கத்தையும் அடாப்டரையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 100–240 வோல்ட் என்றிருந்தால் பிரச்சினையில்லை. 120 மட்டும் என்றிருந்தால் எங்கள் 230 வோல்ட்டில் நேரே செருகக் கூடாது, மின்மாற்றி வேண்டும். பழைய சிறிய ரக் கருவிகள் சிலவற்றுக்கு 9 வோல்ட் ஆடலோட்டம் வேண்டும் என்பதால், கடையில் கிடைக்கும் 9 வோல்ட் நேரோட்ட அடாப்டர் அவற்றுக்கு உதவாது.

மேடைத் தேவை இல்லையென்றால், மாமாவிடம் காதை முழுதும் மூடும் நல்ல ஹெட்போன் ஒன்றைக் கேளுங்கள். பாடும்போது சுருதிப்பெட்டியின் ஒலி மைக்குக்குள் கசிவது அதனால் பெரிதும் குறையும்.