வயதானவர்களுக்குச் சத்து மாத்திரை: கேள்வி பதில்

மருந்தியல் பாடம் நடத்துகிற ஆள் என்பதால் இந்தக் கேள்விகளெல்லாம் என்னிடம் வந்தன. பொறுக்கிய சிலவற்றுக்கு மட்டும் பதில்.

கேள்வி: சார், அம்மாவுக்கு 68 வயது. டாக்டர் வாரம் ஒன்று என்று 60,000 யூனிட் வைட்டமின் டி எழுதினார். அது முடிந்த பிறகும் பழைய சீட்டைக் காட்டி ஒன்றரை வருடமாக வாங்கிச் சாப்பிடுகிறார். நல்லதுதானே?

பதில்: முதலில் நிறுத்தி வையுங்கள், அப்புறம் பேசலாம். அந்த அளவு குறைபாட்டைச் சரிசெய்யச் சில வாரங்களுக்குக் கொடுப்பது. கணக்குப் போட்டால் தினம் 8,500 யூனிட்டுக்கு மேல் வருகிறது, டாக்டர் மேற்பார்வை இல்லாமல் தினம் 4,000-ஐத் தாண்டக் கூடாது என்பார்கள். பி வைட்டமின்கள் மாதிரி இது சிறுநீரில் போய்விடாது, கொழுப்பில் தங்கும். கூடிப்போனால் ரத்தத்தில் கால்சியம் ஏறி மலச்சிக்கல், வாந்தி, மனக்குழப்பம், கடைசியில் கிட்னி வரைக்கும் போகும், வீட்டிலோ "வயசாயிடுச்சு, அதான்" என்று விட்டுவிடுவார்கள். வைட்டமின் டி, கால்சியம், கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) மூன்றையும் பரிசோதித்து டாக்டரிடம் காட்டுங்கள்.

குறைபாடு இருக்கிறதா என்று பார்க்காமல் எல்லோருக்கும் கொடுத்தால் என்ன ஆகும்? அமெரிக்காவில் வைட்டல் என்ற ஆய்வில் 25,871 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்குத் தினம் 2,000 யூனிட், மறுபாதிக்கு வெற்று மாத்திரை என்று ஐந்து வருடம் போலக் கொடுத்தார்கள். புற்றுநோய் வருவதும் மாரடைப்பும் குறையவில்லை என்று 2018-இல் வந்தது, எலும்பு முறிவும் குறையவில்லை என்று 2022-இல் வந்தது. ஆஸ்திரேலியாவில் 70 வயதைத் தாண்டிய பெண்களுக்கு வருடத்துக்கு ஒரே தடவையாக 5 லட்சம் யூனிட் கொடுத்தபோது கீழே விழுவதும் எலும்பு முறிவதும் கூடத்தான் செய்தது.

கேள்வி: அப்பா சுத்த சைவம், 71 வயது, ரொம்ப வருடமாகச் சுகருக்கு மெட்ஃபார்மின் போடுகிறார். பாதம் மரத்துப்போகிறது. சுகர்தான் காரணமா?

பதில்: இருக்கலாம். ஆனால் பி12 பார்த்தீர்களா? மெட்ஃபார்மின் பி12 உடம்பில் சேர்வதைக் குறைக்கும். சைவ உணவில் பால், தயிரை விட்டால் பி12-க்குப் பெரிதாக வழியில்லை. கூடவே வாயுத் தொல்லைக்கென்று பான்டோப்ரஸோலும் தினம் போட்டால் கேட்கவே வேண்டாம். பி12 குறைவால் வரும் மரமரப்பும் சுகரால் வருவதும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் பி12 குறைவைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் சரிசெய்யலாம், விட்டுவிட்டால் நரம்பு திரும்பாது. வெறும் ஃபோலிக் ஆசிட் மட்டும் போடாதீர்கள், ரத்தசோகை சரியானது போலத் தெரியும், நரம்பு உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே இருக்கும். சத்து மாத்திரை என்று ஒன்று உண்மையிலேயே வேலை செய்வது இந்த மாதிரி இடத்தில்தான், அதுவும் மலிவு.

கேள்வி: என்எம்என் மாத்திரை இளமையைத் திருப்புமாமே?

பதில்: எலிக்கு நல்ல செய்தி. உடம்பு என்எம்என்-ஐ என்ஏடி ஆக்குகிறது, செல்கள் சக்தி தயாரிக்கப் பயன்படுத்தும் பொருள் அது. மனிதர்களில் ரத்தத்தில் என்ஏடி அளவு கூடுகிறது, ஆயுள் கூடியதாக எந்த ஆய்வும் காட்டவில்லை. விலையைப் பார்த்தீர்களா?

கேள்வி: தினம் ஒரு மல்டிவைட்டமின்?

பதில்: கெடுதல் இல்லை. காஸ்மாஸ் என்ற அமெரிக்க ஆய்வில் 60 தாண்டியவர்களுக்கு நினைவாற்றலில் சின்ன நன்மை தெரிந்தது. ஆயுள் வேறு விஷயம்: ஆரோக்கியமான சுமார் 3.9 லட்சம் பேரை 20 வருடத்துக்கு மேல் கவனித்து 2024-இல் வெளியிட்ட கணக்கில், தினம் போட்டவர்கள் போடாதவர்களைவிடக் கூடுதலாக வாழவில்லை.

கேள்வி: முடி கொட்டுகிறது என்று பயோட்டின் எடுக்கிறேன், 59 வயது.

பதில்: குறைபாடு இல்லாதவருக்குப் பயோட்டினால் முடி வளர்வதாக நல்ல ஆதாரம் இல்லை. ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது மட்டும் மறக்காமல் சொல்லுங்கள். தைராய்டு முடிவைத் தப்பாகக் காட்டும், மாரடைப்புக்குப் பார்க்கும் ட்ரோபோனினைக்கூடக் குறைத்துக் காட்டலாம்.

கேள்வி: அண்ணே, 63 வயது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடியவில்லை. கிரியாட்டின் ஜிம் பசங்களுக்கு மட்டும்தானா?

பதில்: இல்லை தம்பி. தசைக்குச் சக்தி தரும் பொடி அது, வழக்கமான அளவு தினம் 3 முதல் 5 கிராம். எடை தூக்கும் பயிற்சியோடு அதை எடுத்த வயதானவர்களுக்கு, பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடக் கொழுப்பு நீங்கலான உடல் எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல் கூடியிருக்கிறது. பயிற்சி இல்லாமல் டப்பாவை மட்டும் காலி செய்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது. அதற்கும் முன்னால் சாப்பாடு: 60 கிலோ எடைக்கு 60 முதல் 72 கிராம் புரதம் வேண்டும், இரண்டு இட்லி தேங்காய்ச் சட்னியில் ஐந்தாறு கிராம் தேறினால் பெரிது. முட்டையோ சுண்டலோ சேருங்கள். கிட்னிப் பிரச்சினை இருந்தால் டாக்டரைக் கேட்காமல் கிரியாட்டினைத் தொட வேண்டாம். இல்லையென்றாலும், ஆரம்பித்த பிறகு ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறித் தெரியலாம், கிட்னி கெட்டதாக அர்த்தமில்லை, ஆனால் நீங்கள் எடுப்பது டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.