கோணிய ஏரா

அன்புள்ள ஐயா,

மரக்கப்பல் மாதிரிகள் செய்வது பற்றி நீங்கள் எழுதும் குறிப்புகளைத் தவறாமல் வாசித்துவருகிறேன். என் வீட்டுக்கு அருகிலுள்ள இளைஞர் ஒருவர், நம் மொரீஷியஸ் தீவில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த கிராண்ட் போர்ட் போரில் அழிந்த 'சிரியஸ்' என்ற ஆங்கிலேயக் கப்பலை 1:96 அளவில் செய்யத் தொடங்கி, பலகை ஒட்டி முடித்த உடற்பகுதியைச் சென்ற ஆண்டு என்னிடம் கொண்டுவந்து காட்டினார். கப்பலின் அடியில் நெடுக ஓடும் மரமான ஏரா ஒரு பக்கமாக வளைந்திருந்தது. முன்புறமான அணியத்தில் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. மனம் நோகக் கூடாதென்று "அருமை" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பாய்மரம் நட்டபோது கோணலை அவரே கண்டு, வேலையை விட்டுவிட்டார். நான் செய்தது தவறா? பாய்மரத்தைத் தாங்கும் வடங்களுக்கு எந்தக் கனத்தில் நூல் வாங்குவது என்பதையும் தெரிவியுங்கள். அந்த நிலையில்தான் என் கப்பல் இரண்டு ஆண்டுகளாக அலமாரியின்மேல் துணி போர்த்திக் கிடக்கிறது.

வாசகர், ரோஸ் ஹில்

அன்புள்ள நண்பருக்கு,

தவறுதான். பொய் சொன்னதைக்கூட விட்டுவிடலாம். அவர் கப்பலைக் காட்டியபோது நீங்கள் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

என் முதல் கப்பலை நான் க்யூர்பிப் நகரில் மாதிரிக்கப்பல் பட்டறைத் தொழிலாளி ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு வார்த்தை பாராட்டவில்லை. கப்பலைச் சன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஏராவின் நெடுகப் பார்த்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து மூன்று இடங்களில் கோடு போட்டார். "அடுத்த சனிக்கிழமை கொண்டு வா" என்று கிரியோலில் சொல்லிவிட்டுத் தம் வேலைக்குத் திரும்பினார். பேருந்தில் வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு அந்த மூன்று கோடுகளின் நினைவாகவே இருந்தது. 'அருமை' என்று சொல்லியிருந்தால் நான் சனிக்கிழமை போயிருக்க மாட்டேன்.

உங்கள் இளைஞரின் கப்பல் கோணியதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கும். ஒரு பக்கத்துப் பலகைகளை முழுவதும் ஒட்டிவிட்டு மறுபக்கத்துக்குப் போயிருப்பார். வளைப்பதற்காகத் தண்ணீரில் ஊறவைத்த பலகை உப்பியிருக்கும். அதை ஈரத்தோடு ஒட்டினால், காயும்போது சுருங்கி, மெல்லிய ஏராவைத் தன் பக்கம் இழுத்துவிடும். க்யூர்பிப் தூறலில் இந்தச் சுருக்கம் நாட்கணக்கில் நடந்துகொண்டே இருக்கும். ஆகவே பலகையை வளைத்து, கவ்விகளால் பிடித்து, நன்றாகக் காயவிட்ட பிறகே ஒட்ட வேண்டும். இடப்பக்கம் ஒன்று ஒட்டினால் உடனே வலப்பக்கம் ஒன்று. அணியத்தில் பலகைகள் ஏறிக்கொள்வது வேறு கணக்கு. நடுக்கப்பலில், பலகைகளைத் தாங்கி விலா எலும்புபோல் நிற்கும் வங்கின் விளிம்பை ஒரு காகிதப் பட்டையால் அளந்தால் 12 செ.மீ. வருகிறது, அணியத்தில் 7.2 செ.மீ. வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவில் 5 மி.மீ. அகலத்தில் 24 பலகைகள் பிடிக்கும் என்றால், அதே 24 பலகைகளும் அணியத்தை அடையும்போது 3 மி.மீ. ஆக ஒடுங்கியிருக்க வேண்டும். சீவாமல் அப்படியே வளைத்தால் அவை எங்கேதான் போகும்? பாதி அகலத்துக்கும் கீழே ஒடுக்க வேண்டி வந்தால், ஒரு பலகையை இடையிலேயே நிறுத்திவிட்டு அடுத்ததை அகலமாக விடுவது வழக்கம்.

இந்தக் காகிதப் பட்டையை நீங்கள் அன்றே எடுத்துக் காட்டியிருந்தால் போதும்.

அவர் தம்மை இத்தீவின் பட்டறைகளோடு ஒப்பிட்டுக்கொண்டு சோர்ந்திருக்கவும் கூடும். அங்கே பலகை ஒட்டுபவர் ஒருவர், பாய்மரம் கடைபவர் ஒருவர், கயிறு கட்டும் பெண்கள் வேறு. ஒரே வேலையைப் பல்லாண்டுகள் செய்த கைகளோடு, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எல்லாவற்றையும் தனியாகச் செய்யும் ஒருவர் போட்டியிடுவதில் நியாயமே இல்லை.

கோணிய உடற்பகுதியை நேராக்க வழியில்லை என்பதை மறைக்காதீர்கள். ஆனால் 'சிரியஸ்' 1810 ஆகஸ்டில் பவளத்திட்டில் தட்டி, மீட்க முடியாமல் தன் மாலுமிகளாலேயே கொளுத்தப்பட்ட கப்பல். அவருக்கு நகைச்சுவை பிடிக்குமானால், அதைத் திட்டின்மேல் சாய்த்துவைத்து அந்த நாளையே காட்சியாக்கலாம். கோணல் யார் கண்ணுக்கும் தெரியாது. அடுத்த கப்பலுக்கு அவரே ஏராவை நேராக வைத்துக்கொள்வார்.

நூலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அக்காலக் கப்பற்படைப் பட்டியல்களில் வடத்தின் அளவாகக் குறிக்கப்படுவது அதன் சுற்றளவு, விட்டம் அன்று. 6 அங்குல வடம் என்றால் விட்டம் 2 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. உங்கள் கப்பலும் 1:96 என்றால் அரை மி.மீ. நூல் சரியாக இருக்கும். 6 அங்குலத்தை விட்டம் என்று நினைத்து வாங்கினால் ஒன்றரை மி.மீ.க்கும் மேல் வந்து, சிறு கப்பலில் தேர்வடம் கட்டியதுபோல் தெரியும். நூலைக் கட்டுமுன் தேன்மெழுகில் ஓரிரு முறை இழுத்துவிடுங்கள், பிசிறு படியும்.

அந்த இளைஞரைப் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். அலமாரியின்மேல் இருக்கும் உங்கள் கப்பலைத் துணியோடு எடுத்துச் சென்று, ஒரு பென்சிலை அவர் கையில் கொடுத்து, எங்கெங்கே குறை என்று கோடு போடச் சொல்லுங்கள்.