நிலம் இருக்கட்டும், காலைக் காட்டுங்கள்

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. சர்க்கரை, பீடி இரண்டும் உண்டு. வரப்பில் கொஞ்ச தூரம் நடந்தாலே ஆடுசதை பிடித்துக்கொள்ளும். இப்போது ராத்திரியும் வலி. காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப்போட்டால்தான் குறைகிறது. சுருண்ட நரம்புக்கு இறுக்கமான காலுறை போடுகிறார். காலில் முடி கொட்டுகிறது. கொலஸ்ட்ரால் மாத்திரை கெடுதலாமே? ஸ்டெம் செல் ஊசியால் புது ரத்தக்குழாய் வளரும் என்று வீடியோவில் பார்த்தோம். இரண்டு மா நிலத்தை விற்கலாமா?
- வாசகி, நீடாமங்கலம்

பதில்: விற்காதீர்கள். காலை எடுத்துவிடுவார்களோ என்பதுதான் உங்கள் பயம். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது, ஊசியில்தான் இல்லை.

தொங்கப்போட்டால் வலி குறைகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் விஷயம். காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருக்கலாம்; படுத்தால் பாதத்துக்கு ரத்தம் எட்டவில்லை. இதற்குப் போய் வாயு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்கக் கூடாது. இந்த வாரமே தஞ்சாவூரிலோ திருச்சியிலோ ரத்தநாள அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள். கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்துப் பார்ப்பார்கள்; விடை 0.9-க்குக் கீழே என்றால் அடைப்பு. சர்க்கரைக்காரர்களுக்குக் குழாய் இறுகி, அந்த எண் பொய்யாக நன்றாகத் தெரியும். அதனால் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனும் வேண்டும். விரல் கறுத்தாலோ புண் வந்தாலோ அன்றைக்கே போங்கள். கால் திடீரென்று வெளுத்து, சில்லிட்டு, அசைக்க முடியாமல் போனால் கையில் இருப்பது சில மணி நேரம்தான். நடு ராத்திரி என்றாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஊசிக்கு வருகிறேன். 2002-இல் ஜப்பானில் எலும்பு மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல்கள் கலந்த செல்களை எடுத்து ஆடுசதையில் செலுத்திப் பார்த்தார்கள், வலி குறைந்தது. பிறகு, யாருக்கு நிஜ ஊசி என்று மறைத்துச் செய்த ஆய்வுகளில் காலை எடுப்பது தடுக்கப்படும் என்று உறுதியாகவில்லை. அந்தச் செல்கள் நுண்ணிய கிளைக்குழாய்களைத் தூண்டலாம், அவ்வளவே. வாய்க்கால் தலைப்பே அடைத்துக் கிடக்கும்போது வயலுக்குள் கிளை வெட்டி என்ன பயன்? முதலில் அடைப்பை விரிக்கும் பலூன், அல்லது அடைப்பைச் சுற்றி மாற்றுவழி போடும் பைபாஸ் அறுவை. அதற்கு வழியே இல்லாதவர்களுக்குத்தான் இந்தச் செல் ஊசிப் பேச்சு. அனுமதி பெற்ற செல் மருந்து இந்தியாவில் உண்டு. அதை முடிவு செய்ய வேண்டியவர் அந்த ரத்தநாள மருத்துவர். முழங்கால் வலிக்கும் வழுக்கைக்கும் ஒரே ஊசி போடும் கிளினிக்காரர் அல்ல.

காலுறையை இன்றே கழற்றுங்கள். வருகிற கொஞ்ச ரத்தத்தையும் அது நெரிக்கும். சுருண்ட நரம்பு காத்திருக்கும். முடி கொட்டுவதும் ரத்தம் போதாததால்தான்; அதற்குத் தனி மருந்து வேண்டாம். கொலஸ்ட்ரால் மாத்திரை இந்த அடைப்புக்குத் தேவை; நிறுத்தினால் எனக்குக் கோபம் வரும். வெந்நீர், உப்பு ஒத்தடம் கூடாது. மரத்த பாதம் வெந்தாலும் தெரியாது. பீடியை இன்றோடு விட வேண்டும்.

நடவு முடியட்டும் என்பார். ஆள் வைத்து நடுங்கள், வெறுங்காலோடு சேற்றில் இறங்க விடாதீர்கள். போகும்போது பழைய சீட்டுகளையும் காப்பீட்டு அட்டையையும் எடுத்துப் போங்கள்.