ரீ: பூட்டிக் கிடக்கிற பழைய பஞ்சாயத்து ஸ்கூல், இடிக்கணுமா நூலகமாக்கலாமா?

சகோ, சுவர்ல அரசமரம் முளைச்சிருக்கு, மெட்ராஸ் டெரஸ் கூரை (மரச்சட்டத்து மேல செங்கல்லும் சுண்ணாம்பும் வச்சுக் கட்டுற பழைய தளம்) ஒழுகுது, இடிச்சிட்டு புதுசா கட்டலாம்னு ஊர்ல சொல்றாங்கன்னு எழுதியிருந்தீங்க, தயவுசெஞ்சு அவசரப்பட்டு தலையாட்டிடாதீங்க. சேப்பாக்கம் கலச மஹால் 2012ல தீப்பிடிச்சு பாழான கட்டடம், அதையே பொதுப்பணித்துறை சுண்ணாம்பு வேலையோட மீட்டெடுத்து சுற்றுச்சூழல் வழக்குகள விசாரிக்கிற பசுமைத் தீர்ப்பாயம் அங்க நடக்குது.

மொதல்ல பழைய கட்டடம் தெரிஞ்ச ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர வச்சு கூரை மரச்சட்டத்த பாக்கச் சொல்லுங்க, சுவருக்குள்ள சொருகியிருக்கிற முனைதான் உளுத்துப் போகும், கீழ இருந்து பாத்தா தெரியாது. சட்டம் போயிருந்தா அந்த ரூம் கூரைய மட்டும் மாத்தினா போதும். அரசமரத்த மேலாப்புல வெட்டினா திரும்ப துளிர்க்கும், வேரோட எடுத்துட்டு அந்த எடத்த சுண்ணாம்புக் காரை வச்சு அடைக்கணும். சிமெண்ட் பூச்சு மட்டும் பூச விடவே விடாதீங்க, எல்லாரும் செய்ற தப்பு அது, சுண்ணாம்புச் சுவர் ஈரத்த வெளிய விடும், சிமெண்ட் அத உள்ளயே அடைச்சு வச்சு செங்கல்ல அரிச்சிடும்.

ரிப்போர்ட் வந்ததும் ஆகஸ்ட் 15 கிராமசபைல நூலகத்துக்குத் தீர்மானம் கேளுங்க. வெறுங்கையோட போனா ஆபத்தான கட்டடம்னு ஒரே வார்த்தைல முடிச்சிடுவாங்க.