கம்பெனி காருக்கு நான் ஏன் வரி கட்ட வேண்டும்?

கார் உங்கள் பெயரில்கூட இல்லையே, வரி எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். வரி காருக்கு இல்லை. அதைச் சொந்த வேலைக்கு ஓட்டுவதால் உங்களுக்கு மிச்சமாகும் பணத்துக்கு. இதை விட்டுவைத்தால் ஆளாளுக்குச் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, அதற்குப் பதில் கம்பெனியிடமிருந்து காரும் வீடுமாக வாங்கிக்கொள்வார்கள்.

சரி, அந்த மிச்சத்துக்கு எப்படி விலை போடுவது? அங்கேதான் தலைவலி. ஜெர்மனியில் எது அலுவலக ஓட்டம், எது சொந்த ஓட்டம் என்று பயணக் குறிப்பேடு எழுதாவிட்டால், பெட்ரோல் காரின் பட்டியல் விலையில் மாதம் 1 சதவீதம் உங்கள் வரிக்குரிய வருமானத்தில் சேரும். பிரிட்டனில் 2002 முதல் கரியமில வாயு வெளியீட்டைப் பார்க்கிறார்கள். அதனால் மின்சாரக் காருக்கு வரி ரொம்பக் குறைவு. ஆஸ்திரேலியாவில் 1986 முதல் வரியை முதலாளியே கட்டுகிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சம்பளம் பேசும்போது அதையும் சேர்த்தே கணக்குப் போடுவார்கள்.

அப்புறம், பல நாடுகளில் வீட்டிலிருந்து அலுவலகம் போவதும் சொந்த ஓட்டம்தான்.