பெட்டிப் படத்தை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்: பெரிய அளவு மாதிரி விமானங்கள் பற்றிக் கேள்வி–பதில்

குளிர்சாதனப் பெட்டி, கைபேசி, தளபாடம் என்று எழுதிவரும் இந்தப் பகுதியில், போர்க்கால விமானங்களின் பிளாஸ்டிக் மாதிரிகளை வாங்குவது பற்றிச் சென்ற மாதம் ஒரேயொரு கேள்விக்குப் பதில் எழுதினேன். அதன் பிறகு வந்த கடிதங்களில் முக்கியமானவற்றைச் சுருக்கித் தருகிறேன்.

கேள்வி: 1942 ஈஸ்டர் ஞாயிறு காலையில் ஜப்பானிய விமானங்களுடன் பிரித்தானியரின் ஹரிக்கேன் போர் விமானங்கள் சண்டையிட்டதை எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்று பார்த்ததாகக் காலஞ்சென்ற என் தந்தை அடிக்கடி சொல்வார். அவர் நினைவாக ஒரு பெரிய ஹரிக்கேன் செய்து வைக்க விரும்புகிறேன். எயார்ஃபிக்ஸ், ரெவெல், டிரம்பெட்டர், ஃப்ளை என்று நான்கு உற்பத்தியாளர்களின் பெயர்கள் சொல்கிறார்கள். எதை வாங்கலாம்? (வெள்ளவத்தை)

பதில்: விலையைக் கேட்பதற்கு முன்னர், எந்த விமானத்தைச் செய்யப் போகிறீர்கள் என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டும். ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பைக் காக்க எழுந்த ஹரிக்கேன்களில் 30ஆவது அணியின் விமானங்கள் இரத்மலானையிலிருந்தும், 258ஆவது அணியின் விமானங்கள் இன்று கடைத்தொகுதியாக மாறியிருக்கும் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் புறப்பட்டன. 258ஆவது அணியிடம் மார்க் 1 வகையும் மார்க் 2பி வகையும் கலந்திருந்தன. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சிறியதன்று. மார்க் 1இன் இறக்கைகளில் எட்டு இயந்திரத் துப்பாக்கிகள், மார்க் 2பியில் பன்னிரண்டு. மார்க் 2சி என்று பெட்டியில் எழுதியிருந்தால் அதில் நான்கு 20 மில்லிமீற்றர் பீரங்கிகள் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து நீண்டு நிற்கும். உங்கள் தந்தை கண்ட விமானம் அதுவன்று.

அடுத்ததாக இடத்தைப் பாருங்கள். உண்மையான ஹரிக்கேனின் இறக்கை அகலம் 12.19 மீற்றர். 1/32 அளவில், அதாவது உண்மையானதில் 32இல் ஒரு பங்காகச் செய்தால், அது 38 சென்டிமீற்றராகவும், 1/24 அளவில் அரை மீற்றருக்குச் சற்று மேலாகவும் இருக்கும். வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடுகளின் கண்ணாடி அலுமாரி பலவற்றுக்குள் அரை மீற்றர் இறக்கை நுழையாது. உங்கள் அலுமாரியை அளந்து விட்டுக் கடைக்குப் போங்கள்.

எயார்ஃபிக்ஸின் 1/24 ஹரிக்கேன் 1973இல் முதலில் வெளிவந்த மார்க் 1. மெர்லின் எஞ்சினும் உள்ளே வருவதால் மூடியைத் திறந்து காட்டலாம். ஆனால் பாகங்களை வார்க்கும் அச்சு அரை நூற்றாண்டுப் பழைமையானது என்பதை மனதில் வைத்துக்கொண்டு, பொருத்துவதற்கும் அராவுவதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும். டிரம்பெட்டரின் 1/24 வரிசை அதற்குப் பிற்பட்டது. அதில் மார்க் 1உம் உண்டு, பீரங்கி பொருத்திய பிற்கால வகைகளும் உண்டு; எனவே பெட்டியின் மேலுள்ள வகைப் பெயரை எழுத்தெழுத்தாக வாசியுங்கள். செக் நாட்டு ஃப்ளை கொம்பனியின் 1/32 ஹரிக்கேன் ரெசின் பாகங்களும் நுண்ணிய உலோகத் தகடுகளும் கலந்த, குறைந்த எண்ணிக்கையில் வார்க்கப்படும் வகை. பாகங்களைச் சரியான இடத்தில் பிடித்துக்கொள்ளும் முளைகளை அத்தகைய பெட்டிகளில் எதிர்பார்க்க முடியாது. கைப்பழக்கம் உள்ளவருக்கு அது நல்ல பெட்டி, முதல் முயற்சிக்கு அன்று. ரெவெலின் 1/32 மார்க் 2பி அண்மைக் காலத்துப் புதிய அச்சு. பன்னிரண்டு துப்பாக்கி இறக்கை, அலுமாரிக்குள் அடங்கும் அளவு, நான்கிலும் தாங்கக்கூடிய விலை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் உங்களுக்கு நான் சொல்வது அதைத்தான்.

ஹரிக்கேனின் பின்னுடல் உலோகத் தகட்டால் மூடப்பட்டதன்று. மரச் சட்டங்களின் மேல் துணியை இழுத்துக் கட்டியது. கடையில் உடற்பாகத்தை எடுத்து வெளிச்சத்துக்குச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். சட்டங்களின் மேல் மெல்லிய மேடும் இடையில் மிக இலேசான தொய்வும் தெரிந்தால் நல்ல வார்ப்பு. விலா எலும்பு போல் துருத்திக்கொண்டிருந்தால், வர்ணம் பூசிய பிறகு அது இன்னும் மோசமாகத் தெரியும். வெப்பவலய நாடுகளுக்கு அனுப்பப்பட்ட ஹரிக்கேன்கள் பலவற்றின் மூக்குக்குக் கீழே தூசியைத் தடுக்கும் வோக்ஸ் வடிகட்டி பொருத்தப்பட்டிருந்தது. அந்தப் பாகம் பெட்டியில் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

கேள்வி: பெட்டியைத் திறக்காமல் பத்து வருடம் வைத்திருந்தால் நல்ல விலைக்கு விற்கலாமா? (கொள்ளுப்பிட்டி)

பதில்: அதே அச்சை உற்பத்தியாளர் மீண்டும் வெளியிடும் நாளில் உங்கள் பெட்டியின் விலை விழுந்துவிடும், இலாபத்துக்காக வாங்காதீர்கள்.

கேள்வி: "புதிய வெளியீடு" என்று கடைக்காரர் உறுதியாகச் சொன்னதை நம்பி 1/32 ஸ்பிட்ஃபயர் (பிரித்தானியப் போர் விமானம்) ஒன்றை வாங்கினேன். வீட்டில் திறந்தால் தகட்டுக் கோடுகள் பள்ளமாக இல்லாமல் மேடாக இருக்கின்றன, பாகங்களின் விளிம்பெல்லாம் பிசிறு. பெட்டி மட்டும் பளபளவென்று புதிது. நான் ஏமாற்றப்பட்டேனா? (கொட்டாஞ்சேனை)

பதில்: ஆம், ஏமாற்றப்பட்டீர்கள். மேடான கோடுகளும் பிசிறும் பழைய அச்சின் அடையாளங்கள். உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை. இந்தத் துறையில் என்னை மிகவும் வருத்தும் வழக்கம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பிளாஸ்டிக் மாதிரி ஒன்றின் உயிர் அதன் உருக்கு அச்சில் இருக்கிறது. அந்த அச்சைச் செய்வதற்குப் பெருஞ்செலவு ஆவதால், ஒரு முறை செய்த அச்சைப் பல பத்தாண்டுகள் பயன்படுத்துகிறார்கள். 1/32 வரிசையில் ரெவெலின் முதல் ஸ்பிட்ஃபயர் 1967இலும், எயார்ஃபிக்ஸின் 1/24 ஸ்பிட்ஃபயர் 1970இலும் வந்தவை. அவற்றுக்குப் பிறகு இரண்டு நிறுவனங்களுமே முற்றிலும் புதிய ஸ்பிட்ஃபயர் அச்சுகளைச் செய்துவிட்டன: ரெவெல் 2014இல் 1/32 மார்க் 2ஏயையும், எயார்ஃபிக்ஸ் 2022இல் 1/24 மார்க் 9சியையும் வெளியிட்டன. பழைய அச்சில் வார்த்ததை விற்பது குற்றமன்று. பழையதென்று சொல்லி, அதற்கேற்ற விலையில் கொடுத்தால் சிறுவர்களுக்கும் பழைய நினைவைத் தேடுவோருக்கும் அது நல்ல பொருளே. பெட்டிக்கு மட்டும் புதிய ஓவியம், புதிய இலக்கம், புதிய ஒட்டுப்படத் தாள் ஆகியவற்றைக் கொடுத்துவிட்டு, உள்ளே இருப்பதும் புதிது என்று வாங்குபவர் நினைக்கும்படி விடுவதைத்தான் நான் குற்றம் என்கிறேன்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. ஒன்பது வருடங்களுக்கு முன்னர் புறக்கோட்டையில் ஒரு கடையில், மேகங்களுக்கிடையே விமானம் சாய்ந்து வரும் அழகான ஓவியத்தைப் பார்த்து, 1/32 பெட்டி ஒன்றைப் பதினோராயிரம் ரூபாய் கொடுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து இடது இறக்கையைத் திருப்பிப் பார்த்தபோது, உட்புறத்தில் சின்ன எழுத்தில் 1970 என்று பொறித்திருந்தது. விமானியின் அறை என்று அதில் இருந்தது ஒரு தட்டும் ஒரு நாற்காலியும் மட்டும். கடையில் அந்த இறக்கையை ஒரு முறை திருப்பியிருந்தால் அந்தப் பணம் என் பையிலேயே இருந்திருக்கும். அன்றிலிருந்து, பாகங்கள் ஒட்டியிருக்கும் சட்டத்தையும் இறக்கையின் உட்புறத்தையும் பார்க்காமல் நான் எதையும் வாங்குவதில்லை. பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் ஆண்டை நம்ப வேண்டாம், அது பெட்டி அச்சிட்ட ஆண்டாகவும் இருக்கலாம். ஸ்கேல்மேட்ஸ் என்ற இணையத்தளத்தில் பெட்டியின் இலக்கத்தைக் கொடுத்தால், அந்த அச்சு எந்த ஆண்டில் பிறந்து எந்தெந்தப் பெயர்களில் மறுபடி வந்தது என்ற வரலாறு வரும். கடைக்குள் நின்றபடியே கைபேசியில் பார்த்துவிடலாம்.

இனி உங்கள் பணம். "புதிய வெளியீடு" என்று கடைக்காரர் வாயால் சொன்னதை, பற்றுச்சீட்டின் பிரதியுடனும் பாகங்களின் படங்களுடனும் எழுத்தில் அவருக்கே முதலில் அனுப்புங்கள். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுதுங்கள். பொருளைப் பற்றித் தவறான எண்ணத்தை உண்டாக்குவதையும் பொய்யான உறுதி கொடுப்பதையும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தடை செய்கிறது. பொருளை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பதால் தாமதிக்காதீர்கள். வழி கேட்க அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தை அழைக்கலாம். அதுவரை ஒரு பாகத்தையும் அது ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டிவிடாதீர்கள்.

கேள்வி: 1942 ஈஸ்டர் தாக்குதல் காட்சி ஒன்றுக்காக டமியா கொம்பனியின் 1/32 ஸீரோவை (ஜப்பானியப் போர் விமானம்) அவசரமாக வாங்கினேன். இப்போது நண்பர்கள் அது பிழையான ஸீரோ என்கிறார்கள். இறக்கைகளை ஒட்டியும் விட்டேன். கடைக்காரரை மாற்றித் தரச் சொல்ல முடியுமா? (பம்பலப்பிட்டி)

பதில்: முடியாது. நீங்கள் கேட்ட பெட்டியைத்தான் கடைக்காரர் கொடுத்திருக்கிறார், அதை நீங்கள் ஒட்டியும் விட்டீர்கள். டமியா 1/32இல் இரண்டு ஸீரோக்களைத் தனித்தனியாக வெளியிட்டிருக்கிறது: 2000இல் ஏ6எம்5, 2006இல் ஏ6எம்2. ஜப்பானியக் கடற்படைத் தளபதி நகுமோவின் கப்பல்களிலிருந்து கொழும்புக்கு வந்தவை ஏ6எம்2. ஏ6எம்5 போர்முனைக்கு வந்ததே 1943இல். ஏ6எம்2இன் இறக்கை அகலம் 12 மீற்றர், கப்பலின் மின்தூக்கியில் அடங்குவதற்காக நுனிகள் மடியும். ஏ6எம்5இன் அகலம் 11 மீற்றர், நுனி மடியாது, எஞ்சின் மூடியின் ஓரத்தில் புகைக்குழாய்கள் தனித்தனியாக நீட்டி நிற்கும். இவற்றைப் பெட்டியின் பக்கவாட்டுப் படத்திலேயே காணலாம். இவ்வளவு விலையுள்ள பொருளை வாங்குகிறவர் அந்தப் படத்தை இரண்டு நிமிடம் பார்த்திருக்க வேண்டும். அதைப் பிற்காலத்துப் பசிபிக் போர் விமானமாகவே செய்து முடியுங்கள். மிகச் சிறப்பான வார்ப்பு, வீணாகாது.

கேள்வி: இதுவரை எந்த மாதிரியும் செய்ததில்லை. முதலாவதாகவே 1/24 செய்யலாமா? (மருதானை)

பதில்: வேண்டாம். 1/72இல் இரண்டு செய்து முடித்து விட்டு எழுதுங்கள்.

கேள்வி: என் மகனுக்குப் பதினான்கு வயது. ஒரு வருடமாகச் சேர்த்த பணத்தில், சமூக ஊடகத்தில் பார்த்த ஒருவரிடம் 1/32 ஸீரோவுக்கு முழுத்தொகையையும் வங்கியில் வைப்பிலிட்டோம். வந்த பொதியில் இருந்தது உள்ளங்கையளவு 1/72 பெட்டி. இப்போது அவர் எங்கள் இலக்கத்தைத் தடுத்துவிட்டார். மகன் எவருடனும் பேசுவதில்லை. (தெஹிவளை)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை வாசித்த பிறகு வேறு கடிதத்தை எடுக்க எனக்கு வெகுநேரம் ஆனது. முதலில் மகனிடம் இது அவனுடைய தவறு அன்று என்று சொல்லுங்கள். வளர்ந்தவர்களும் வங்கியில் வேலை செய்கிறவர்களும் இதே முறையில் ஏமாந்து எனக்கு எழுதியிருக்கிறார்கள்.

விளம்பரத்தின் படம், உரையாடல் முழுவதும், வைப்புச் சீட்டு, பொதியின் மேலுள்ள அனுப்பியவர் விபரம், கையில் கிடைத்த பெட்டி ஆகியவற்றைப் படமெடுத்து இரண்டு பிரதி எடுங்கள். ஒரு பிரதியுடன் அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்து, அதன் இலக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள். மறு பிரதியை உங்கள் வங்கிக் கிளைக்குக் கடிதத்துடன் கொடுத்து, பணம் போன கணக்கைப் பற்றி அந்த வங்கிக்கு அறிவிக்கும்படி கேளுங்கள். அவர் தொடர்ந்து வியாபாரம் செய்பவராக இருந்தால் 1977க்கும் முறையிடுங்கள். பணம் திரும்பி வரும் என்று உறுதி சொல்ல என்னால் முடியவில்லை. எழுத்தில் முறைப்பாடு இருந்தால் அடுத்த பிள்ளையை அவர் ஏமாற்றுவது கடினமாகும்.

அந்த 1/72 பெட்டியை எறிந்துவிடாதீர்கள். பொலிஸார் சான்றாகக் கேட்காவிட்டால் மகன் அதையே செய்து பழகலாம். இந்தப் பத்திக்கு உங்கள் விலாசத்துடன் இன்னொரு கடிதம் எழுதுங்கள். என்னிடம் திறக்காத 1/48 ஹரிக்கேன் ஒன்று இருக்கிறது, அது அவனுக்கு.

கேள்வி: வெளிநாட்டுக் கடை ஒன்றில் கிட்டுடன் (மாதிரிப் பெட்டியுடன்) எனாமல் வர்ணமும் சேர்த்து வான்தபாலில் கேட்டேன். வர்ணத்தை அனுப்ப மறுக்கிறார்கள். (வத்தளை)

பதில்: எரியும் திரவத்தை வான்தபாலில் ஏற்றமாட்டார்கள், அவர்கள் செய்தது சரி. நீரில் கரையும் அக்ரிலிக்கை இங்கேயே வாங்குங்கள். கிட்டின் விலையுடன் அனுப்பும் செலவு, சுங்கத் தீர்வை, 18 வீதப் பெறுமதி சேர் வரி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த பிறகே பணம் செலுத்துங்கள்.

கேள்வி: பெரிய கிட்டுகளில் வரும் ரப்பர் டயர் நல்லதா, பிளாஸ்டிக் டயர் நல்லதா? (இரத்மலானை)

பதில்: பிளாஸ்டிக். மென்மையான ரப்பர் அல்லது வினைல் டயரிலிருந்து கசியும் எண்ணெய்ப் பதம் பொலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைக் கரைக்கும், நம் ஊர் வெப்பத்தில் விரைவாகவே கரைக்கும். இரண்டாம் கையாக வாங்கி அலுமாரியில் வைத்த ஒரு பெட்டியை இரண்டு வருடம் கழித்துத் திறந்தபோது, விமானியின் மேலுள்ள கண்ணாடிக் கூட்டின் மேல் கறுப்பு டயர் ஒன்று சாய்ந்திருந்தது. எடுத்தேன், பிசினைப் போல் இழுபட்டு வந்தது. கண்ணாடியின் விளிம்பில் பிறை வடிவத்தில் ஒரு கடி, அதற்குள் என் விரல் ரேகை பதிந்தது. விற்றவர் எல்லாப் பாகங்களையும் ஒரே பைக்குள் போட்டுக் கொடுத்திருந்தார். ரப்பர் டயருள்ள பெட்டியை வாங்கினால் அன்றைக்கே டயர்களைத் தனிப் பைக்குள் போடுங்கள். பொருத்தும்போது சக்கரத்தின் நடுப் பகுதிக்கு வர்ணமும் மேற்பூச்சும் பூசிக் காய்ந்த பிறகே டயரை மாட்டுங்கள்.

கேள்வி: வாங்கிய மாதிரியின் கண்ணாடிக் கூடு வெடித்திருந்தது. "விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படமாட்டாது" என்ற பலகையைக் காட்டுகிறார்கள். பற்றுச்சீட்டும் கேட்கவில்லை. (வெள்ளவத்தை)

பதில்: பற்றுச்சீட்டைக் கேட்காமல் வெளியே வந்தது உங்கள் பிழை. கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் சட்டக் கடமை, ஆகவே இன்றே திரும்பிப் போய்க் கேளுங்கள். அந்தப் பலகை இருப்பதால் குறையுள்ள பொருளைப் பற்றி முறையிடும் உரிமை உங்களுக்கு இல்லாமற் போவதில்லை. அதற்கிடையில் உற்பத்தியாளரின் இணையத்தளத்தில் உதிரிப்பாக விண்ணப்பம் இருக்கிறதா என்று பாருங்கள். ரெவெல், எயார்ஃபிக்ஸ் இரண்டுக்கும் அந்த வசதி உண்டு. பெட்டியின் இலக்கத்தையும், செய்முறைத் தாளில் அந்தப் பாகத்துக்குக் கொடுத்துள்ள எண்ணையும் எழுதி, வெடிப்புத் தெரியும்படி கறுப்புத் தாளின் மேல் கூட்டை வைத்து எடுத்த படத்தையும் இணைத்து அனுப்புங்கள்.